ஐ.சி. எண் தெரிந்தவரெல்லாம் அதிகாரி ஆகிவிடுவாரா?



"எங்ககிட்ட திருட என்னங்க இருக்கு?"

தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் முதலில் வருகிற பதில் இதுதான். லூபோக் சீனாவில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மஸ்ஜித் தானாவில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வங்கியில் லட்சக்கணக்கில் பணம் கிடையாது. பெரிய கம்பெனி கிடையாது. கணினியை உடைத்து உள்ளே நுழைகிறவன் கோலாலம்பூர்க் கோடீஸ்வரனைத் தேடிப் போவானே தவிர, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவரைத் தேடி எதற்கு வரப்போகிறான்?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடுவதற்கு நம்மிடம் ஒன்று இருக்கிறது. அது நம்முடைய அடையாளம். அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது.

அந்த 12 இலக்கங்கள்

நம் நாட்டு அடையாள அட்டையில் 12 இலக்க எண் ஒன்று உண்டு. 1990இல் நடைமுறைக்கு வந்த எண் முறை அது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நம்மவர்கள் அதை ஒப்பித்துவிடுவார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடம். மலாக்கா என்றால் 04, நெகிரி செம்பிலான் என்றால் 05. லூபோக் சீனா இரண்டு மாநிலங்களும் சந்திக்கிற எல்லையோரத்து ஊர். அங்கே ஒரே வீட்டில் மலாக்கா மருத்துவமனையில் பிறந்த அண்ணனுக்கு 04, போர்ட்டிக்சனில் பிறந்த தங்கைக்கு 05 என்று இருக்கலாம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, உங்கள் எண் கையில் கிடைத்தவருக்கு உங்கள் வயது, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பது வரை, உங்களைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. இந்த எண் நமக்குப் பெயரா, சாவியா?

பெயர் என்றால் நாலு பேருக்குத் தெரிவதில் குற்றமில்லை. சாவி என்றால் வீட்டாரைத் தவிர யார் கையிலும் இருக்கக்கூடாது. நாம் என்ன செய்கிறோம்? பெயரைச் சொல்வது போல அந்த எண்ணைப் போகிற இடமெல்லாம் சொல்கிறோம். கிளினிக்கில் சொல்கிறோம், கைத்தொலைபேசிக் கடையில் சொல்கிறோம், அதிர்ஷ்டக் குலுக்கல் பாரத்தில் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து அதே எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால், சாவியோடு வந்தவரை வரவேற்பது போல அவரை நம்பிவிடுகிறோம்!

மோசடிக்காரன் குடியிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான்.

4 கோடியே 62 லட்சம் எண்கள்

"என் எண் எப்படி வெளியே போகும்? நான் யாரிடமும் கொடுக்கவில்லையே" என்று சிலர் கேட்கலாம். 2017ஆம் ஆண்டு நடந்ததை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பு ஒரு சிறு செய்தி. 2006இல், பிரீபெய்டு தொலைபேசி எண் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது. குற்றச்செயல்களைத் தடுக்க அது தேவைதான். மக்களும் கடைகளில் வரிசையில் நின்று பதிந்தார்கள். தொலைபேசி எண்ணும் ஐ.சி. எண்ணும் ஒரே வரியில் ஏறின.

2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்ற மலேசிய இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. மலேசியர்களின் தகவல்களை யாரோ விலைக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி. தோண்டத் தோண்ட அளவு பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் தெரியவந்த எண்ணிக்கை 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்கள்! அன்றைக்கு நாட்டின் மக்கள் தொகையே ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம்தான். ஒருவரே இரண்டு மூன்று எண்கள் வைத்திருப்பார் அல்லவா? அதனால்தான் மக்களைவிட எண்கள் அதிகம்.

எண்ணோடு போனவை என்னென்ன? பெயர், வீட்டு முகவரி, ஐ.சி. எண், சிம் கார்டு விவரம். தொலைபேசி நிறுவனங்களின் பட்டியல் மட்டுமா? வேலை தேடித் தரும் இணையத்தளம் ஒன்றின் பட்டியலும், மருத்துவர்கள், பல் மருத்துவர்கள் அமைப்புகளின் பட்டியல்களும் அந்தக் குவியலில் இருந்தன.

இதில் நெஞ்சைச் சுடுகிற செய்தி எது தெரியுமா? தொலைபேசிப் பட்டியல்களில் காணப்பட்ட தேதிகள் 2014ஆம் ஆண்டுக்குரியவை. செய்தி வெளிவந்தது 2017இல். இடைப்பட்ட 3 ஆண்டுகள் அந்தப் பட்டியல் யார் யார் கைக்குப் போனது, எத்தனை பிரதி எடுக்கப்பட்டது? பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியாது.

தன் விவரமும் கசிந்ததா என்று மக்கள் பார்த்துக்கொள்ளத் தனிமனிதர் ஒருவர் அந்த ஆண்டு நவம்பரில் ஓர் இணையப்பக்கத்தை உருவாக்கினார். சில நாட்களிலேயே அது முடக்கப்பட்டது. கசிந்த தகவல்களை அப்படிக் கையாளுவது சட்டத்துக்கு முரணானது என்று தொடர்பு பல்லூடக ஆணையம் காரணம் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்ட குடிமகன், "என் பெயர் அதில் இருக்கிறதா?" என்று எங்கே போய்க் கேட்பான்?

பூட்டை மாற்றலாம், பிறந்தநாளை மாற்ற முடியுமா?

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுகிறோம். ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்குகிறோம். கடவுச்சொல் கசிந்தால் 5 நிமிடத்தில் புதிது வைக்கலாம். ஆனால் பிறந்த தேதி கசிந்தால்? அம்மாவின் பெயர் கசிந்தால்? ஐ.சி. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். 2014இல் வெளியே போன எண் இன்றும் அதே எண். இன்னும் 20 ஆண்டு கழித்தும் அதே எண்ணாகத்தான் இருக்கும்.

ஆகவே ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோரின் விவரம் ஏற்கெனவே வெளியே இருக்கிறது. "வெள்ளம் வருமுன் அணைபோடு" என்பார்கள். இந்த விஷயத்தில் வெள்ளம் ஒருமுறை வந்து போய்விட்டது. இனி அந்த ஐ.சி. எண் தெரிந்திருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். காலை 10 மணி. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் 65 வயது அம்மா தனியாக இருக்கிறார். தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் அதிகாரத் தோரணையில் மலாய்க் குரல். "நீங்கள் இன்னார்தானே? ஐ.சி. எண் இதுதானே? முகவரி இதுதானே?" அம்மா மூன்றுக்கும் "ஆமாம்" என்கிறார். மூன்றாவது "ஆமாம்" சொல்லும்போதே குரல் நடுங்குகிறது. "உங்கள் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து போதைப்பொருள் பணம் போட்டிருக்கிறார்கள். கைது ஆணை தயாராக இருக்கிறது. பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது. பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், விசாரணை முடிந்ததும் திருப்பித் தருகிறோம்."

அந்த அம்மாவை முட்டாள் என்று யாரும் சொல்லவேண்டாம். வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள்கூட இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். "என் ஐ.சி. நம்பர் அவருக்குத் தெரிந்திருக்கிறதே, அப்படியானால் அவர் உண்மையான அதிகாரியாகத்தானே இருக்க வேண்டும்?" இந்த ஒரு நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

நீல அட்டையும் நம்மவர் பயமும்

நம் சமூகத்துக்கு இதில் தனிப்பட்ட ஒரு பலவீனமும் இருக்கிறது. அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு 12 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்றானது. சுதந்திரத்துக்குப் பிறகு குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை என்று பிரிந்தது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் சிவப்பு அட்டையோடு வாழ்ந்து முடித்த பெரியவர்கள் எத்தனை பேர்! நீல அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தலைமுறை அது.

அந்தத் தலைமுறைக்கு அடையாள அட்டை வெறும் அட்டையாகத் தெரியவில்லை. "நீ இந்த நாட்டைச் சேர்ந்தவன்" என்று சொல்லும் சாட்சியாகத் தெரிந்தது. அதனால்தான் அதிகாரக் குரலில் யார் கேட்டாலும் உடனே எடுத்து நீட்டுகிறோம். "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க நமக்கு நா எழவில்லை. கேட்டால் ஏதாவது பறிபோய்விடுமோ என்ற பயம்!

பறிபோகாது. குடியுரிமை உங்களுடையது. காரணம் கேட்பது அந்த உரிமையின் ஒரு பகுதி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பர் 15ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. உங்கள் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும், விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் 2017இல் அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தகவல் கசிந்தால் உங்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அந்த ஓட்டை 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அடைக்கப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு உண்டாக்கக்கூடிய கசிவு என்றாலோ 1,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்தாலோ, நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். உங்களுக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால், அதன்பின் 7 நாட்களுக்குள் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 3 லட்சம் ரிங்கிட் வரை என்றிருந்தது, 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. சிறைத்தண்டனை 2 ஆண்டு வரை என்றிருந்தது, 3 ஆண்டு வரை ஆகியிருக்கிறது.

நல்ல திருத்தம். வரவேற்க வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. வணிக நடவடிக்கைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். நம்மைப் பற்றி அதிகமான தகவல் வைத்திருப்பது அரசாங்கம் அல்லவா? 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதான குடிமக்கள் எல்லாருக்கும் 100 ரிங்கிட் உதவி மைகார்டு வழியாகவே வந்தது. கடையில் அட்டையை நீட்டி அரிசி, எண்ணெய் வாங்கினோம். அட்டையே பணப்பை ஆகிவிட்ட காலத்தில், அதன் பின்னாலிருக்கும் தகவலுக்கும் சட்டக் காவல் வேண்டும் என்று கேட்பது நியாயமில்லையா?

இரண்டாவது, தகவல் வாங்கும்போது கொடுக்கவேண்டிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டி எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்கு யார் சொல்வது? வீட்டில் படித்த பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்து நாட்டுப் பாடம்

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கேயும் கசிவு நடந்தது. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடு போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம். விசாரணைக் குழு அமைத்தார்கள். சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும், அதன் கணினிப் பணியைக் கவனித்த அமைப்புக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் அபராதம் விதித்தார்கள்.

2019 செப்டம்பர் முதல் அங்கே தனியார் நிறுவனங்கள் சட்டத் தேவை இல்லாமல் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது, அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. 2024 டிசம்பரில் அரசாங்க இணையப்பக்கம் ஒன்றில் பொதுமக்களின் முழு அடையாள எண்களும் தெரியும்படி ஆகி, பெரிய சர்ச்சை எழுந்து, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அப்போது அந்த அரசு சொன்ன கருத்து முக்கியமானது. அடையாள எண் ஒருவரைக் குறிக்கும் எண். அதைக் கடவுச்சொல்லாக யாரும் பயன்படுத்தக்கூடாது. பெயரா, சாவியா என்று முதலில் கேட்டோமே, அதற்கான பதில் இதுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் 2024இல் டெலிகிராம் செயலி வழியாக வெளியாயின. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். பெயர், முகவரியோடு மருத்துவ அறிக்கைகளும் வெளியே வந்தன. பணம் போனால் சம்பாதிக்கலாம். ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை ஊர் முழுவதும் போனால் அதை எப்படித் திரும்பப் பெறுவது? நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

வேலியே பயிரை மேயலாமா?

பெரிய நிறுவனங்களைக் குறை சொல்வது சுலபம். நம் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வருகிறது. பிள்ளை நல்ல தேர்ச்சி. பெருமைதான். உடனே தேர்வு முடிவுத் தாளைப் படமெடுத்து முகநூலில் போடுகிறோம். அந்தத் தாளில் பிள்ளையின் முழுப்பெயரும் ஐ.சி. எண்ணும் இருக்கின்றன. 17 வயதுப் பிள்ளையின் வாழ்நாள் எண்ணைப் பெற்றவர்களே உலகத்துக்கு அறிவித்துவிடுகிறோம்.

கோயில் திருவிழாவில் உதவிப் பொருள் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். பெறுகிறவர்களின் பெயர், ஐ.சி. எண், முகவரி எல்லாம் ஒரே தாளில் எழுதி, அதை வாட்ஸ்அப் குழுவில் "சரிபார்க்கவும்" என்று அனுப்புகிறார்கள். 200 பேர் உள்ள குழு. யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று குழுத் தலைவருக்கே தெரியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும், இளைஞர் மன்றத்திலும் இதே கதைதான்.

இங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஏழைகளின் பட்டியல் என்பது மோசடிக்காரனுக்குத் தங்கச் சுரங்கம். "உங்களுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, வங்கி எண் சொல்லுங்கள்" என்று யாரை அழைத்தால் நம்புவார்கள் என்பதை அந்தப் பட்டியல் அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. அவசரத்துக்கு வட்டிக்கு வாங்கும்போது ஏ.டி.எம். அட்டையையும் பின் எண்ணையும் அடகு வைக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. சில நூறு ரிங்கிட்டுக்கு வங்கிக் கணக்கை "வாடகைக்கு" விடுகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். தம்பிகளே, அந்தக் கணக்கில் அடுத்தவர் வயிற்றெரிச்சல் பணம் வந்து விழும்போது போலீஸ் தேடி வருவது உங்கள் ஐ.சி. எண்ணைத்தான். 2024இல் தண்டனைச் சட்டமே இதற்காகத் திருத்தப்பட்டிருக்கிறது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல.

ஐ.சி. நகல் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதிக் கொடுங்கள். எழுத்து முகத்தின் மீதோ எண்ணின் மீதோ கொஞ்சம் ஏறியிருந்தால், அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினம்.

குடியிருப்பு வாசலில் பாதுகாவலர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால் மரியாதையாக மறுக்கலாம். பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியையும் தட்டி இறக்கிக்கொள்ளாதீர்கள். கல்யாண அழைப்பிதழ் என்று வந்தாலும் சரி, அபராத அறிவிப்பு என்று வந்தாலும் சரி. வங்கி அனுப்பும் உறுதிக் குறியீட்டைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

கோயில், பள்ளி, மன்றப் பொறுப்பில் இருப்பவர்கள், தேவையில்லாமல் ஐ.சி. எண்ணை வாங்காதீர்கள். வாங்கினால் ஒரே ஒருவர் பொறுப்பில் வையுங்கள். காரியம் முடிந்ததும் கிழித்து அழித்துவிடுங்கள். அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். மனசாட்சி கட்டாயப்படுத்த வேண்டும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே வங்கியை அழையுங்கள். இல்லையென்றால் 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது நாட்டை விட்டுப் போவதற்குள் தடுக்க வேண்டும். "பிள்ளைகள் திட்டுவார்களே" என்று மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். பிள்ளைகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திட்டுகிற வீட்டில் பெற்றோர் உண்மையைச் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தைத்தான் மோசடிக்காரன் நம்பியிருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுங்கள். தமிழிலும் மலாயிலும் பழக்கிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நாலு முறை சொல்ல வையுங்கள்.

"என் ஐ.சி. நம்பர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு நானே அழைத்துக் கேட்டுக்கொள்கிறேன்."

சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.